தாசெங் பேருக்கு ஒரு பார்சல்

எங்க வீட்டுக்கு வர்ற பார்சல் எல்லாமே லுவோ தாசெங் பேர்லதான் வரும். தாசெங் என் புருஷன். செத்து மூணு வருஷம் ஆச்சு.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. எங்க ஷென்யாங் ஊர்ல தனியா இருக்கற எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா. பார்சல்ல பொம்பளை பேரு போடக்கூடாது, வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளை ஷூ கிடக்கணும், யாராவது கதவைத் தட்டினா உள்ளேர்ந்து ஆம்பளைக் குரல் கேக்கணும். கல்யாணமே ஆகாத பொண்ணுங்க வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரை வெச்சுக்குதுங்க. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, கைவசம் ஒரு பேரு இருந்துச்சு. ரயில்வே பட்டறையில குடுத்த, இரும்பு மூக்கு வெச்ச ஷூவும் இருந்துச்சு. குரலும் இருந்துச்சு. ஒரு தடவை கொழுக்கட்டைக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே, கூரியர்காரனுக்கு என் போன்லேர்ந்து அவரு அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "வாசல்ல வெச்சிட்டுப் போப்பா! கையெல்லாம் மாவு!" யாரு தட்டினாலும் அதைத்தான் போட்டு விடுவேன். வந்தவன் வெச்சிட்டு இறங்கிப் போயிடுவான்.

அந்த மனுஷனுக்கு எதையும் நல்லாருக்குன்னு சொல்லத் தெரியாது. வெங்காயத்தாள் வாங்கினா கட்டைப் பிரிச்சுப் பாத்து சண்டை போடுவாரு. ஹோட்டல்ல சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவாரு. பனியன்லேர்ந்து கோட்டு வரைக்கும் எது வாங்கிக் குடுத்தாலும் "கை நீளம் பத்தல" தான். அதுல ஒரு நியாயமும் இருந்துச்சு, கை ரெண்டும் முழங்காலைத் தொடற மாதிரி அவ்வளவு நீளம். ஆஸ்பத்திரியில குடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு நர்ஸ்கிட்டயும் அதையே சொன்னாரு. ரொம்ப சந்தோஷமா இருந்தா "பரவால்ல"ம்பாரு. அதுக்கு மேல அவருகிட்டேர்ந்து யாரும் எதையும் வாங்கினது கிடையாது. எங்க கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாத்து அதைத்தான் சொன்னாரு.

என் பேரு குவான் ஷூச்சின். டவுன் பஸ் ஓட்டறேன். வாய் ஜாஸ்தின்னு டிப்போவுல பேரு. இந்த ஊரு டிராபிக்ல ஒரு டிரிப் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் அவனுங்க பேசட்டும்.

எங்க ஊரு குளிருக்கு ஸ்டியரிங் பக்கத்துல வெந்நீர் இல்லாம வண்டி ஓட்ட முடியாது. பழைய பிளாஸ்க் ஒடஞ்சு போச்சுன்னு போன்ல ஒண்ணு ஆர்டர் பண்ணேன். தெற்கே ஜெஜியாங் பக்கத்துக் கடை. கடைக்காரன் பேரு கெங் லிபோ. காலையில போட்ட தண்ணி சாயங்காலம் வரைக்கும் கொதிக்கும்னு படம் போட்டிருந்தான். முதல் நாளே சிக்னல்ல நிக்கறப்போ மூடி வழியா ஒழுகி என் மடியில கொட்டிச்சு. பஸ் நிறைய ஜனம். கத்தக்கூட முடியல. பல்லைக் கடிச்சுக்கிட்டு டிப்போ வரைக்கும் ஓட்டினேன்.

அன்னிக்குச் சாயங்காலம் உக்காந்து எழுதினேன். "தண்ணி ஆறிப் போச்சு, என் தொடை வெந்து போச்சு. இதை பிளாஸ்க்னு விக்கறவன் நாளைக்குச் சல்லடையை வாளின்னு விப்பான். ஒரு ஸ்டார் குடுக்கறேன், அட்டைப்பெட்டி நல்லா இருந்ததுக்காக." கீழ லுவோ தாசெங்னு பேரு விழுந்துச்சு. எனக்கே சிரிப்பு வந்துச்சு. அவரே எழுதின மாதிரி இருந்துச்சு.

அடுத்த நாள் கெங் லிபோ மெசேஜ் அனுப்பினான். "செல்லம், ஏதோ தப்பு நடந்திருக்கு. அந்த விமர்சனத்தை எடுத்துடுங்க செல்லம், வேற பிளாஸ்க் அனுப்பறேன்." இந்தக் கடைக்காரனுங்களுக்கு வாங்கறவங்க எல்லாருமே செல்லம்தான். பொருள் நல்லா இருக்கணும், வாய் மட்டும் இனிச்சா போதுமா? பதில் போடல. ரெண்டு நாள்ல செல்லம் போயிடுச்சு, போன் வர ஆரம்பிச்சுது.

"லுவோ தாசெங்கைக் கூப்பிடு."

"குளிச்சிட்டிருக்காரு. நீ யாரு?"

"அவன் எழுதினதால என் வியாபாரம் படுத்துப் போச்சு. இன்னிக்கே அழிக்கச் சொல்லு."

"ஒழுகாத பிளாஸ்க் செய். அப்புறம் அழிக்கறதைப் பத்திப் பேசலாம்."

"ஏய் கெழவி, வீடு எங்கன்னு எனக்குத் தெரியாதா? எட்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் கதவு. ஆள் அனுப்பினா உன் புருஷன் கதவைத் திறப்பானா, நீ திறப்பியா?"

நான் ஏதோ திட்டிட்டு போனை வெச்சேன். ஆனா உடனே போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பாத்தேன், அதைச் சொல்லிடறேன். என் விலாசத்தை நானே டைப் பண்ணிக் குடுத்திருக்கேனே. அதுக்கப்புறம் ஒவ்வொரு டிரிப்புக்கும் நடுவுல போன் அடிச்சுது. எடுத்தா மூச்சு விடற சத்தம், இல்லேன்னா "உன் புருஷன் எங்கடீ?" நம்பரை அடைச்சா வேற நம்பர். போலீஸ் ஸ்டேஷன் போனேன். அங்க இருந்த பையன் டீயை உறிஞ்சிக்கிட்டே, "வீட்டுல ஆம்பளை இருக்காருல்ல, அவரைப் பேசச் சொல்லுங்க அத்தை"ன்னான். என்னத்தைச் சொல்ல! வீட்டுக்கு வந்ததும் வாசல்ல கிடந்த ஷூவைக் கொஞ்சம் திருப்பி வெச்சேன், இப்பதான் கழட்டிப் போட்ட மாதிரி.

எங்க குடியிருப்புல ஆளு வேலைக்குப் போயிருக்கறப்போ வர்ற பார்சல் எல்லாம் கேட்டுக்குப் பக்கத்துல வென் வெச்சிருக்கற கடைக்குத்தான் வந்து சேரும். வென் என்னைவிடச் சின்னவ, ஆனா ஊரு விவகாரம் அத்தனையும் அவ நாக்கு நுனியில இருக்கும்.

"அக்கா, இந்த அண்ணனை இன்னும் எத்தனை நாளைக்கு உயிரோட வெச்சிருப்பே? அந்த விமர்சனத்தை அழிச்சுத் தொலையேன்."

"முடியாது."

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

அவகிட்ட எப்படிச் சொல்றது? குடும்பப் பதிவேட்டுல பேரை எடுத்தாச்சு, பாங்குல எடுத்தாச்சு, பட்டறையில எடுத்தாச்சு. இந்த உலகத்துல லுவோ தாசெங் இன்னும் வாயைத் திறந்து சண்டை போடறது அந்த ஒரு இடத்துலதான். அதையும் நானே என் கையால அழிக்கணுமா? "பிளாஸ்க் ஒழுகிச்சு, அதான்"னு சொல்லிட்டு, வந்திருந்த பார்சலை அங்கயே பிரிச்சேன்.

உள்ள கருநீலப் பட்டுத் துணி. வென் எட்டிப் பாத்துட்டு ரெண்டடி பின்னால போயிட்டா. பக்கத்துல பார்சல் வாங்க நின்னவங்க அத்தனை பேரும் ஒதுங்கினாங்க. பொணத்துக்குப் போடற உடுப்பு. பட்டன் கிடையாது, கட்டிக்கற கயிறு. ஒரு தொப்பி, மெத்து மெத்துன்னு ஒரு ஜோடி செருப்பு, செத்தவங்களுக்காக எரிக்கற எமலோகத்து நோட்டு ஒரு கட்டு. கூடவே ஒரு அட்டை, "லுவோ தாசெங் அவர்களுக்கு அன்பளிப்பு."

அந்த நிமிஷமே போன் அடிச்சுது.

"வந்துச்சா? உன் புருஷனைப் போட்டுப் பாக்கச் சொல்லு. அளவு சரியா இருக்கா?"

 துணி கையில விரிஞ்சு கிடந்துச்சா, என் கண்ணு தானா அந்தக் கைப்பக்கம் போச்சு. பொணத்தோட உடுப்புல கை விரல் நுனி வரைக்கும் மூடணும். வெளிய தெரிஞ்சா செத்தவனும் கையேந்துவான், அவன் வீட்டாளுங்களும் கையேந்துவாங்கம்பாங்க. இந்தக் கஞ்சன் அனுப்பினது மணிக்கட்டுக்கே வராது.

"கை நீளம் பத்தல"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். என் வாயிலேர்ந்து அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது.

"வெளிய தூக்கிப் போடு அக்கா! வீட்டுக்குள்ள கொண்டு போகாதே!"ன்னு வென் கத்தினா. நான் கொண்டு போகல, மாடிப்படிக்கு அடியில வெச்சேன். அந்த வாரம்தான் எங்க பஞ்சாங்கத்துப் பத்தாம் மாசம் முதல் நாள் வந்துச்சு. செத்தவங்களுக்குக் குளிர்காலத் துணி எரிச்சு அனுப்பற நாள். மூணு வருஷமா கடையில விக்கற காகிதச் சட்டையைத்தான் வாங்கி எரிச்சிட்டிருந்தேன். தாசெங் ஒரு நாள்கூட என் கனவுல வந்து வாங்கிக்கிட்டேன்னு சொல்லல. இந்தத் தடவை நெஜத் துணி, அதுவும் ஓசியில வந்திருக்கு. ஏன் விடணும்? எனக்குக் கோவமும் இருந்துச்சு, நக்கலும் இருந்துச்சு. நீ என் புருஷனுக்குத்தானே அனுப்பின, அவருகிட்டயே சேத்துடறேன்டா.

அன்னிக்குப் பொழுது சாயறப்போ தெருமுனைக்குப் போனேன். தரையில சாக்கட்டியால வட்டம் போட்டு, சுடுகாட்டுப் பக்கம் மட்டும் கோடு போடாம வழி விட்டு, நடுவுல பார்சலை வெச்சேன். மத்தவங்க எல்லாம் காகித உறை மேல பேரு எழுதிட்டிருந்தாங்க. எனக்கு அந்த வேலையும் மிச்சம், பேருதான் ஏற்கனவே ஒட்டியிருக்கே. அப்படியே பத்த வெச்சேன்.

துணி சட்டுனு பிடிச்சுக்கிச்சு. காத்தே இல்ல, ஆனா என் வட்டத்துப் புகை மட்டும் சுடுகாட்டுப் பக்கம் போகாம தரையோட தரையா தெற்குப் பக்கம் நகந்துச்சு. பக்கத்துல எரிச்சிட்டிருந்தவங்க காலைத் தூக்கி அதுக்கு வழி விட்டாங்க.  அட்டைப்பெட்டி எரிஞ்சு முடிஞ்சப்புறமும் மேல ஒட்டியிருந்த சீட்டு மட்டும் சுருண்டு சுருண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துச்சு. எழுத்து எல்லாம் படிக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு.

மறுநாளிலேர்ந்து போன் நின்னு போச்சு. அப்பாடான்னு இருந்தேன். அடுத்த வாரம் டிப்போவுல நூடுல்ஸ் சாப்பிட்டிட்டிருக்கறப்போ வந்துச்சு. அதே கெங் லிபோ. ஆனா அந்த மிரட்டல் குரல் எங்க போச்சுன்னு தெரியல.

"அக்கா... உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கோங்க அக்கா."

"என்னடா புது நாடகம்?"

"தெனம் பொழுது சாயறப்போ வந்து கதவைத் தட்டறாரு. திறந்தா யாரும் இல்ல. மூடினா மறுபடியும் தட்டறாரு. துணியை மாத்திக் குடுக்கணுமாம். ஷென்யாங்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்து... அவருகிட்ட சொல்லுங்க, பணம் வேணும்னாலும் தர்றேன்."

"எங்க வீட்டுக்காரரு எங்கயும் வரலடா, தம்பி. அவரு செத்து மூணு வருஷம் ஆச்சு."

இந்த உண்மையை அவன்கிட்ட சொல்லவே கூடாதுன்னுதானே இத்தனை நாள் பல்லைக் கடிச்சிட்டிருந்தேன்! சொன்னதும்தான் ஐயோன்னு இருந்துச்சு. அந்தப் பக்கம் அவனுக்குப் பின்னால ஒரு சின்னப் புள்ளை ஏதோ பாடற சத்தம் கேட்டுச்சு.

"என் பொண்ணு அக்கா. மூணு வயசு. எங்களுக்குக் குரல்தான் கேக்குது, அவளுக்கு ஆளும் தெரியுது. கதவுகிட்ட உக்காந்து அவருகூடப் பேசறா. மாமாவோட கை வெளிய தெரியுதாம். கை ரொம்ப நீளமாம், முழங்கால் வரைக்கும் தொங்குதாம். நேத்து மாமாவுக்குக் கை குளிருதுன்னு தன்னோட கையுறையைக் கதவுக்கு அடியில தள்ளி விட்டிருக்கா. அதைக் காணோம்."

நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழ வெச்சேன். அவரோட கை நீளம் பட்டறைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெற்குக் கோடியில இருக்கற பிளாஸ்க் வியாபாரிக்கு எப்படித் தெரியும்? இன்னும் ஒண்ணு சரிபாக்க வேண்டியிருந்துச்சு. "இரு"ன்னு சொல்லிட்டு, அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டு விட்டேன். வாசல்ல வெச்சிட்டுப் போப்பா, கையெல்லாம் மாவு.

போன் கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தூரத்துல அவன் பொண்டாட்டி அலறற சத்தம், "அவருதான்! அந்தக் குரல்தான்!" அதுக்கு நடுவுல அந்தப் புள்ளை மட்டும் சந்தோஷமா, "மாமா! மாமா!"ன்னுச்சு.

நேரா வென்கிட்ட போனேன். கேட்டுட்டு அவ முதல்ல கேட்ட கேள்வி ஒண்ணுதான்.

"பார்சல் சீட்டைக் கிழிச்சிட்டுத்தானே எரிச்சே?"

"இல்லியே."

"அட கடவுளே! குப்பையில போடறதுக்கே சீட்டைக் கிழிச்சிட்டுப் போடறவ, நெருப்புல போடறப்போ விட்டுட்டியா? உறை மேல யாருக்கு, யாருகிட்டேர்ந்துன்னு எதுக்கு எழுதறோம்? யாரு அனுப்பினதுன்னு தெரிஞ்சாதானே அவங்க தேடி வருவாங்க? அனுப்பினவன் விலாசத்தை நீயே அச்சடிச்ச மாதிரி குடுத்திருக்கே! மூணு வருஷமா நீ அனுப்பின காகிதச் சட்டையில உன் பேரு எழுதினியா?"

எழுதல. வேற யாரு அனுப்பப் போறா, தெரியாதான்னு விட்டிருந்தேன். பொண்டாட்டி குடுத்ததுன்னு பேரு வேற எழுதணுமா?

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! பயம் எல்லாம் எங்கயோ போயிடுச்சு. மூணு வருஷம் ராத்திரி ராத்திரி கண்ணை மூடிக் காத்துக் கிடந்தவ நான். இந்த ஆளு சட்டையை மாத்தறதுக்கு ஊரு கடந்து, ஆறு கடந்து, முன்னப் பின்னத் தெரியாத ஒரு போக்கிரி வீட்டு வாசல்ல போய் நிக்கறாரு. நின்னுக்கிட்டே இருக்கட்டும், அந்தக் கெங்கும் நல்லா நடுங்கட்டும்னு நெனைச்சேன். நெனைச்சுட்டேன்தான், ஆனா அந்தக் கையுறை வந்து கண்ணு முன்னாடி நின்னுச்சு. இப்படியே விட்டா அந்தப் புள்ளை கதவைத் திறந்து அவரு பின்னாலயே போயிடும்.

லீவு போட்டேன். நல்ல கனமான பருத்தித் துணியும் பஞ்சும் வாங்கினேன். அளவு எடுக்க ஆளு வேண்டாம், என் கையே சொல்லும். தோள்லேர்ந்து விரல் நுனி வரைக்கும் வெட்டி, அதுக்கு மேல ஒரு சாண் விட்டேன். தெச்சு முடிச்ச கோட்டை வென்கிட்ட காட்டினேன். அவளே உறையை எடுத்துக் குடுத்தா.

"அனுப்பினவ பேரு எழுது. விலாசம் மட்டும் எழுதாதே அக்கா. சுடுகாட்டுப் பேரைப் போட்டுடு, அங்கயே தங்கிடுவாரு. வீட்டு விலாசம் போட்டா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். தனியா இருக்கறவ நீ. செத்தவங்க வந்து போற வீட்டுல உயிரோட இருக்கறவங்க நிலைக்க மாட்டாங்க."

"ம்"னேன். எழுதினேன். குவான் ஷூச்சின். எட்டாவது மாடி. லிஃப்டுக்கு எதிர் கதவு.

வென் படிச்சுப் பாத்தா. உறையைத் திருப்பிக் குடுத்துட்டு கடைக்குள்ள போயிட்டா.

பழையபடி அதே தெருமுனை, அதே வட்டம். இந்தத் தடவை புகை எந்தப் பக்கமும் போகல. அந்த இடத்துலயே கொஞ்ச நேரம் நின்னுச்சு, யாரோ நின்னு யோசிக்கற மாதிரி. அப்புறம் கலைஞ்சு போச்சு.

மறுநாள் கெங் லிபோகிட்டேர்ந்து மெசேஜ் வந்துச்சு. "நேத்து வரல அக்கா. கையுறை வாசல்ல கிடக்கு. மாமா எங்கன்னு புள்ளை அழுவுது. உங்க விமர்சனம் அப்படியே இருக்கட்டும். இனிமே யாருக்கும் அந்த மாதிரி பார்சல் அனுப்ப மாட்டேன், சத்தியமா." நான் பதில் போடல. அவன் சத்தியம் யாருக்கு வேணும்?

நான் காத்திருந்தேன். முதல் நாள் வீட்டைப் பெருக்கி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வெச்சேன். பொழுது சாஞ்சுது, யாரும் தட்டல. மறுநாளும் இல்ல. அடுத்த வாரமும் இல்ல. லிஃப்டு சத்தம் கேட்டாலே எந்திரிச்சு நிப்பேன். பக்கத்து வீட்டுக்குத்தான் ஆளு வரும். கடைசியில எனக்கு அலுத்துப் போச்சு. பொண்டாட்டி வீடுதானே, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்னு இருப்பாரு. உயிரோட இருக்கறப்போவும் அதே புத்திதான். அன்னிக்கு அந்த ஷூவைத் தூக்கி அலமாரியில போட்டுட்டேன். போட்டுட்டு கொஞ்சம் அழுதேன்.

நேத்து எனக்கு வார லீவு. மத்தியானம், வெளிய பனி. முன் ரூம்ல உக்காந்து சாக்ஸ் மடிச்சிட்டிருந்தேன். கதவைத் தட்டற சத்தம். "லுவோ தாசெங்! பார்சல்!" நான் ஆர்டர் பண்ணின புது பிளாஸ்க், வேற கடையிலேர்ந்து.

பழக்கத்துல போனை எடுத்தேன். திரை கருப்பா இருந்துச்சு. சார்ஜ் இல்ல.

எனக்குப் பின்னால, சமையலறையிலேர்ந்து குரல் வந்துச்சு.

"வாசல்ல வெச்சிட்டுப் போப்பா! கை மூடியிருக்கு!"

"சரிண்ணே"ன்னு சொல்லிட்டு கூரியர்காரன் வெச்சிட்டுப் போனான். லிஃப்டு இறங்கற சத்தம் தேஞ்சு தேஞ்சு நின்னுச்சு. நான் திரும்பல. திரும்பக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா கழுத்து திரும்பல. பஞ்சு வெச்ச துணி சுவத்துல உரசற சத்தம் மட்டும் கேட்டுச்சு. வென் சொன்னது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு.  ஆனா என் வாய் சும்மா இருக்குமா?

"அளவு சரியா இருக்கா?"ன்னு கேட்டேன்.

துணி மறுபடியும் உரசிச்சு. கை நீளத்தை இழுத்து விட்டுப் பாக்கறாருன்னு நெனைச்சேன்.

"பரவால்ல"ன்னாரு.